காணும்

மல்லாகம் நீதிமன்றுக்கு எதிரே
நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் தட்டெழுதுகிறேன்.
உறுதிக்கு இரண்டு சாட்சி வேண்டும்.
ஆள் குறைந்தால் நானும் ஒருவன்.

அந்த வெள்ளிக்கிழமை
ஏழாலையில் நாலு பரப்பு, கல்வீடு,
பங்குக் கிணறு, வான்பயிர் செய்பயிர்,
வழிவாய்க்கால் பாத்தியதை.
விற்பவர் யோகசவுந்தரி.
கையெழுத்து இருந்தது.
கதிரையில் ஆள் இல்லை.
"ஆயிரம் காணுமோ?" என்றார் புரோக்கர் திரவியநாதன்.
"காணும்" என்றேன்.

எங்களூரில் காணும் என்றால் போதும்.
பார்க்கும் என்றும் ஒரு பொருள் இருக்கிறது.
அன்று நான் கண்டது அந்தத் தாளை மட்டும்.

சாட்சி, வடமொழியிலிருந்து வந்த சொல்.
உடைத்தால் உள்ளே ஒரு கண் கிடக்கும்.
மீனாட்சியில் மீன்போல நீண்டிருப்பதும்
காமாட்சியில் கசிந்திருப்பதும்
அதே கண்தான்.
சாட்சி என்றால் கண்ணோடு வந்தவன்.
நான் பேனையோடு வந்தவன்.

மனத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தது
யாரென்று தெரியாது.
வைத்தபோது மனம் தன் கடைசி எழுத்தை இழந்தது.
ம் போன இடத்தில்
ச் வந்து அழுத்தியது:
மனச்சாட்சி.

சத்தியக்கடதாசிகளில் அந்த ச் என் விரலுக்குத் தப்பிவிடும்.
நொத்தாரிசு சிவப்பு மையால் செருகுவார்.
எழுத்துப்பிழை என்றால் பொறுக்கமாட்டார்.

சுன்னாகம் சந்தையில் இந்தச் சொல் மலிவு.
"மனச்சாட்சியோட விலை சொல்லும், அண்ணை"
ஒரு வாழைக்குலைக்கு.
மினிபஸ்ஸில் மிச்சக் காசுக்கு.
சீதனப் பேச்சில், மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு.
எப்போதும் உமக்கு, அவனுக்கு, அவளுக்கு.
"எனக்கு மனச்சாட்சி இருக்கோ" என்று
ஒருத்தர் கேட்டும் நான் அறியேன்.
தனக்கென்று வந்தால் பேச்சு மாறிவிடும்:
"மனதுக்கு ஒருமாதிரிக் கிடக்கு."

ஆவணியில் யோகசவுந்தரி டென்மார்க்கிலிருந்து வந்திறங்கினார்.
தன் படலையில் வேறொருவர் பூட்டு.
வெயிலில் அதைப் பிடித்தபடி
கனநேரம் நின்றாராம்.

அழைப்பாணையில் என் பெயர்.
பக்கத்தில்: முதலாம் சாட்சி.

றோட்டைக் கடந்தால் நீதிமன்று.
பத்து நாளாக முகம் மழிக்கும்போது
கண்ணாடிக்குச் சொல்லிப் பார்க்கிறேன்:
"ஐயா, நான் காணேல்லை."
சவர்க்கார நுரைக்குள் நல்லாய்த்தான் வருகிறது.

நேற்று மத்தியானம் திரவியநாதன் வந்தார்.
நொத்தாரிசு சாப்பிடப் போயிருந்தார்.
விசைப்பலகைமேல் ஐயாயிரத்தை வைத்து
வழக்கம்போலக் கேட்டார்.

வாய் தானாகத் திறந்தது.
"காணேல்லை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டு
இன்னொரு ஐயாயிரத்தை
எண்ணி வைத்தார்.