முகவரிக் கட்டம்

லுவாங்வா ஆற்றின் இக்கரைக்குக்
கணக்கெடுக்கப் போயிருந்தேன்.
முகவரி என்ன என்றேன்.
சோளம் உதிர்த்தபடியே சொன்னாள் டிசியெஞ்சி:
"நீர்யானை ஏறிவரும் சரிவுக்கு மேலே,
மாமரத்துக்கு யானைகள் போகும் தடத்தில்
விலகி நிற்கும் வீடு."

விலகுவது வீடா?
"பின்னே, யானையா விலகும்?
இரண்டு முறை தள்ளிக் கட்டியாயிற்று."

அவள் தம்பியை முதலை கொண்டுபோன துறைக்கு
அவன் பெயர்தான்: மசாவுசோ.
அங்கே யாரும் தண்ணீர் எடுப்பதில்லை.
வழி சொல்லும்போது மட்டும்
அவனைக் கூப்பிடுகிறார்கள்.

படிவத்தில் இருந்தது
ஒரே ஒரு கோடு.
மனை எண் பதினேழு
என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் இருட்டிவிட்டது.
டார்ச்சில் உயிரில்லை.
எந்தப் பக்கம் என்று கத்தினேன்.
எங்கிருந்தோ ஒரு குரல்:

"லத்தி சூடாயிருந்தால் அசையாதே.
ஆறியிருந்தால் நட.
மசாவுசோவுக்கு முன்பே திரும்பிவிடு."