நாலு இருட்டு

நூல் அறுந்தால் சொல்லும் கண்களைப்
பழுது பார்க்கிறவள் நான், சோமனூரில்.
தறி சென்சார், கோன் மிஷின் போர்டு, அவ்வளவுதான்.
கார் தெரியாதுங்க என்றேன்.
அவினாசியப்பன் கேட்கவில்லை.
அறுபத்தெட்டாம் வருஷத்து ஹெரால்டை
டிராக்டரில் கட்டி இழுத்துவந்து நிறுத்திவிட்டு
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார்.
"இதும் கண்ணுதான் அம்மிணி."

பாயிண்ட் இருந்த இடத்தில்
எப்போதோ யாரோ மாட்டிய கறுப்பு லாடம்.
ஒரு காலில் விளக்கு,
எதிர்க்காலில் அதையே பார்த்துக்கொண்டு ஒரு சில்லு.
நடுவில் சுழலும் நாலு இதழ்.
இதழ் மறைக்கும் கணத்தில் பொறி.
சுற்றுக்கு நாலு இருட்டு.
இருட்டைத்தான் எண்ணுகிறது அது.

காயில் மாற்றியாயிற்று, பிளக் மாற்றியாயிற்று.
பல்லடத்தில் ஒருவர்
கார்புரேட்டரைப் பிரித்து நாலாயிரம் வாங்கியிருக்கிறார்.
இருந்தும் காங்கயம் ரோட்டில் மத்தியானம் நிற்கும்,
பொழுது சாய்ந்தால் தானாகக் கிளம்பும்.
பேய் புடிச்ச வண்டி என்று மருமகள் ஏறுவதில்லை.

லென்ஸில் பஞ்சு. எங்கள் ஊர்ப் பஞ்சு,
எண்ணெய் குடித்துப் பிசினாகி.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து
வாசலில் வைத்துக் கையால் சுற்றினேன்.
பொறி இல்லை.
ஒயர் மாற்றினேன். ஈயம் வைத்தேன். மறுபடி துடைத்தேன்.
மூன்று நாள்.
மில்லிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் ஆறரை மணிக்கு
வெறுத்துப்போய் ஒரு சுற்று.
டிக். டிக். டிக். டிக்.
நீலமாய்.

சித்தெ நேரம் எழுந்திருக்கவில்லை.
நான் பார்ப்பதற்காகத் திறந்த வாசல் வெயில்
நேராக அந்தச் சில்லின் முகத்தில் விழுந்திருக்கிறது.
இதழ் வந்தாலென்ன, போனாலென்ன,
அதற்கு ஒரே பகல்.

மக்யா நாள் உச்சியில்
பவானி ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு
உள்ளே நானும் அதுவும்.
கண்ணுக்குத் தெரியாத விளக்கு
போன் கேமராவில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி.
ஹேர் டிரையரைக் காட்டினேன்.
சூடு ஏற ஏற வெளுத்தது.
பிறகு காணோம்.
பேய் அதுதான்.

கோன் மிஷின் கழிவுப் பெட்டியில்
அதே அளவில் ஒன்று கிடைத்தது.
பதினாறு வருஷம் நூலைப் பார்த்தது,
இனி இதழைப் பார்க்கட்டும்.

மருமகள் முன்சீட்டில் ஏறினாள்.
காங்கயம் போய் மூன்று மணி வெயிலில் திரும்பினார்கள்.
எவ்வளவுங்க என்றார்.
வெயிலைப் பழுது பார்த்த மூன்று நாளை
எந்தக் கணக்கில் எழுதுவது?
விளக்கு ஒன்று, பதினெட்டு ரூபாய் என்று
பில் போட்டேன்.