படுக்கைக்கு அடியில் இருநூறு லிட்டர்

கொண்டலாம்பட்டி பைபாஸ் ஓரம், ஷெட்டில்
வயிறு திறந்து நிற்கிறது கேரவன்.
மேடம் படுக்கும் மெத்தையைத் தூக்கினால் டேங்க்:
நீல பிளாஸ்டிக், இருநூறு லிட்டர்.
பொள்ளாச்சி ஷூட்டிங் முடிந்து வந்ததிலிருந்து
மூடியே கிடந்தது.
கைவிட்டுத் தடவினேன்.
விரலோடு வந்தது ஒரு வழுவழுப்பு,
விரால் மீனைத் தொட்ட மாதிரி.

லிட்டருக்கு ஒரு மில்லி ப்ளீச், என் கணக்கு.
டீக்கடை டம்ளரில் இரண்டு.
நேராக ஊற்றக் கூடாது,
பக்கெட் தண்ணீரில் கலந்துதான்.
கீசரை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி,
வாஷ்பேசின் குழாய், ஷவர், சமையல் திட்டுக் குழாய்
ஒவ்வொன்றாய்த் திறந்து
மூக்கை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.
நெடி வந்ததும் மூடிவிடலாம்.
பிறகு ராத்திரி முழுக்க
அது தன் வேலையைப் பார்க்கும்.

டிரைவர் அங்கமுத்து அண்ணன் பீடியை அணைத்தார்:
"மேடம் இதுல பல்லுகூட வெளக்க மாட்டாங்க,
அவங்களுக்குத் தனியா கேன் தண்ணி.
யாருக்குடா இந்தக் கும்பாபிஷேகம்?"
எனக்கே தெரியாததை
அவரிடம் என்னவென்று சொல்ல.

காலையில் திறந்துவிட்டேன்.
மண் தரை குடித்துக்கொண்டே இருந்தது.
மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாள். பிடித்து அலசினேன்,
இரண்டு தரம்.
மூன்றாவதற்கு ஹோஸை மாட்டும்போது
மேனேஜர் போன்: கிளம்பியாச்சா?
கிளம்பியாச்சு சார் என்றேன்.
மூன்றாவது அலசல்
அந்தப் பொய்யோடு போயிற்று.

விளிம்பு வரை நிரப்பினோம்.
அரை டேங்க் ஆபத்து, வளைவில் ஒரு பக்கமாய் ஓடி
வண்டியைத் தோளால் இடிக்கும்.
நிறைந்த தண்ணீர் பேசாமல் வரும்.
அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்,
ஒன்று, இரண்டு, மூன்று என்று
வளைவுப் பலகைகள்.

பதினான்காவதில் ஏற்காடு பஸ் நின்றிருந்தது.
ஏப்ரல், மதியம் இரண்டு மணி.
குரங்குகள் காலி பாட்டில்களை
ஒவ்வொன்றாய் ஆட்டிப் பார்த்து எறிந்தன.
கண்டக்டர் கேட்டது ரேடியேட்டருக்கு.
ஒரு குடம் கொடுத்தோம்.
அதைப் பார்த்து ஒவ்வொருவராய் இறங்கி வந்தார்கள்,
எஸ்டேட்டுக்குத் திரும்புகிறவர்கள்,
பலாப்பழ மூட்டையோடு ஒருவர்,
கைக்குழந்தையோடு ஒரு பெண்.
"குடிக்கற தண்ணியா?" என்றாள்.

அங்கமுத்து அண்ணன் என்னைப் பார்த்தார்.
இரண்டு அலசல். மூன்றாவது இல்லை.
ஒரு டம்ளர் பிடித்து
அவள் எதிரிலேயே குடித்தேன்.

அதற்கப்புறம் குழாய் மூடவில்லை.
கான்வென்ட் யூனிஃபார்மில் ஒரு சிறுமி, ஜெசிந்தா
என்று பேட்ஜில் இருந்தது,
ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள்:
"ஆஸ்பத்திரி வாசம் அடிக்குது."
மிச்சத்தையும் குடித்தாள்.
டம்ளரைத் திரும்ப நீட்டினாள்.

மீதி ஆறு வளைவும்
படுக்கைக்கு அடியில் தண்ணீர் புரண்டு புரண்டு வந்தது.
"பேச ஆரம்பிச்சிருச்சு" என்றார் அண்ணன்,
கியரைக் குறைத்து.

மறுநாள் விடிகாலை, நாகலூர்ப் பக்கம், காபித் தோட்டம்.
முகமெல்லாம் சோப்பு நுரையோடு
மேடம் இருக்கும்போது குழாய் இருமியது.
மோட்டார் வெறும் காற்றை இழுத்து
டக் டக் என்றது.
மேனேஜர் கத்தியதில்
மிளகுக் கொடியிலிருந்து ஒரு பறவை கிளம்பிப் போனது.
பேட்டாவில் முந்நூறு பிடித்தார்கள்.
நான் கிணற்றுக்கும் வண்டிக்கும்
பக்கெட்டோடு நடந்தேன்.

பேக்கப் ஆனபின் டேங்கை வடித்து
மறுபடி ப்ளீச் அளந்தேன்.
டார்ச் பிடித்த வாட்ச்மேன் சிரித்தான்:
"மலைத் தண்ணிங்க, கண்ணாடி மாதிரி.
இதுக்குமா?"

போனை அணைத்து
டேஷ்போர்டில் வைத்தேன்.
விடியற்காலை அலச வேண்டும்,
மூன்று தரம்.