வாயைத் திறங்க

ஞாயிறு என்பதால் பிள்ளைக்காம்பரா சும்மா கிடந்தது.
தொட்டில் சீலைகளை முடிந்து
உத்தரத்தில் ஏற்றிவிட்டு இடம் பிடித்தோம்:
இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு டோர்ச்,
கையுறைப் பெட்டி, ஐஸ்பழக் குச்சிபோல ஒரு கட்டு,
நான் கோடு கீறிய சீ.ஆர். கொப்பி.
சங்கத்தின் சொத்து இவ்வளவுதான்.
வேன் வாடகைக்கு.
தகரத்தில் மழை, போன முறை போலவே, இலவசம்.

என் வேலை பேர் எழுதுவது.
இந்த மலையில் பேர் என்றால்
அரைப்பேர், முழுப்பேர் என்று கணக்கு உண்டு.
கொழுந்து நிறை குறைந்தால் பேர் பாதியாகும்.
"நீங்க எழுதுறது எந்தப் பேரு?"
கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள் முதல் வந்தவள்.
இது வெறும் பேர் அக்கா, காசும் வராது, கழிவும் வராது.
சிரித்தாள். பல்லிடுக்கெல்லாம் பாக்குச் சிவப்பு.

டொக்டர் நிலூகாவுக்குத் தெரிந்த தமிழ்
இரண்டே சொல்.
வாயே தொறங்க, வாயே தொறங்க
என்று பகல் முழுக்க.

பிரட்டுக்களத்தில் திறக்காத வாய்கள் அவை.
தண்ணிக்கென்று இரண்டு கிலோ கழிக்கும் தராசுக்கு முன்னால்
திறக்காத வாய்கள்.
"எவ்வளவு தொறக்கணும்?"
முடிந்த அளவு.
சிலருக்கு இரண்டு விரலுக்கு மேல் முடியவில்லை.
"2 விரல்" என்றே கொப்பியில் எழுதினேன்.
அதுதான் அளவு.

பழகிய கண்ணுக்குத் தெரியும்,
கன்னத்தின் உட்சுவரில்
பூசணம் பிடித்த இலைபோல ஒரு வெள்ளை.
துடைத்தால் போகாது. வலிக்கவும் வலிக்காது.
வலித்தாலாவது எங்கள் பக்கம் பேச ஓர் ஆள் இருக்கும்.
வலிக்காத ஒன்றுக்காக ஒரு நாள் பேரை விட்டு
கண்டிக்குப் போ என்று
யாரிடம் போய்ச் சொல்ல?

இருபத்தாறாவது செவனாயி.
வயது கேட்டால்
"கீழ் லயத்தில மண் சரிஞ்சப்ப எனக்கு முப்பது" என்றாள்.
கூட்டிப் பார்த்து நாற்பத்தொன்பது எழுதினேன்.
இடது கன்னம், ஐந்து ரூபாய்க் காசளவு.
டொக்டர் டோர்ச்சை அணைத்தார்.
மறுபடி போட்டார்.
அந்த இருட்டு எனக்குப் பழக்கம்.
கடிதம் சிங்களத்தில். செவனாயி அதை நாலாய் மடித்து
வெற்றிலைப் பையில் வைத்தாள்.
பத்து வயதிலிருந்து
அவள் தொலைக்காத ஒரே இடம் அது.

மூன்று கிழமை.
கண்டிக் கிளினிக்கில் அந்தப் பேர் ஏறவில்லை.
நான் மேற்கணக்குக்கு ஏறினேன்.
ஆறாம் காம்பராவில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.
மாவுக் கையைத் துடைத்து, பையை அவிழ்த்து, எடுத்துக் காட்டினாள்.
ஓரமெல்லாம் சுண்ணாம்பில் வெந்து
நடுவில் பாக்குக் கறை,
கையெழுத்து மட்டும் தப்பியிருந்தது.
"தொலைக்கல தங்கச்சி. பாரு."

துண்டுப் பிரசுரத்தின் ஐந்து அறிகுறிகளையும்
மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.
அடுப்புப் புகையில் ஒன்றுகூட நினைவில் நிற்கவில்லை.
பஸ் காசு எவ்வளவு அக்கா?
ஒரு நாள் பேர் எவ்வளவு?
சொன்னாள். விரல் மடக்கிக் கூட்டினோம்.
அந்தத் தொகையைப் போட
சங்கத்தின் கணக்கில் கட்டம் இல்லை.
இரவு, "பரிசோதனை" கட்டத்துக்கும் "பரிந்துரை" கட்டத்துக்கும் அப்பால்
கொப்பி ஓரத்தில் ஒரு கோடு கீறி
"ஒரு நாள் பேர்" என்று தலைப்பிட்டேன்.
கோடு கொஞ்சம் கோணல்.
கணக்குப் பார்க்க வருபவர் கேட்பார்.
கேட்கட்டும்.

புதன், விடியாத நாலரை பஸ்.
கினிகத்தேனை வளைவுகளில்
இரண்டு முறை பையை அவிழ்த்தாள், இரண்டு முறையும் முடிந்தாள்.
பிறகு என் மடியில் வைத்தாள்.
"வச்சிரு. வரும்போது தா."
உடம்புச் சூடு இன்னும் இருந்தது அதில்.

அவள் உள்ளே போய் ஒரு மணி நேரமாகிறது.
வாங்கில் இருக்கிறேன், பை கையில்.
திரும்பிக் கேட்டால் கொடுப்பதா இல்லையா என்பதற்கு
எங்கள் பயிற்சிப் புத்தகத்தில்
பக்கம் இல்லை.