மஞ்சள் பட்டை

டர்பனிலிருந்து அப்பிங்டனுக்கு
ஆயிரத்து நூறு கிலோமீட்டர்.
காரின் பின்னால் மடக்குக் கட்டில், இரண்டு ஊன்றுகோல்,
கோணம் அளக்கும் கருவி,
ஒரு டப்பா மாங்காய் ஊறுகாய்.
கிம்பர்லி தாண்டியதும் ரேடியோ
தன்பாட்டில் ஆஃப்ரிக்கான்ஸுக்கு மாறிவிடும்.
பதின்மூன்று வாரம்.
அதற்குப் பிறகு இந்த ஊருக்கு நான் தேவையில்லை;
ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது.

முதல் வருஷம் நாற்பது வாரம் ஓடினேன்.
போன வருஷம் இருபத்தாறு.
இந்த வருஷம் இது ஒன்றுதான்.

பூபாலன் அப்படிச் செய்யவில்லை.
மாநகராட்சி மின்சார இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம்;
ஒரு வெள்ளிக்கிழமை கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள்.
திங்கள் காலை ஐந்தரைக்கு எழுந்து
சவரம் செய்து, சப்பாத்து மாட்டி
கராஜில் போய் நின்றார்.
அந்த மாதம் காரை முப்பது தடவை கழுவினார்.
மாவுக்கட்டைப் பிரித்த அன்றே
முழுப் பாரத்தையும் காலில் இறக்காதீர்கள் என்று
ஊருக்கெல்லாம் சொல்கிறவள்
வீட்டுக்குள் சொல்ல மறந்தேன்.

ஆகவே இது எனக்கு நானே எழுதிக்கொண்ட சிகிச்சை.
ரப்பர் பட்டைகளுக்கு நிறம் உண்டு:
மஞ்சள் இளகியது, பிறகு சிவப்பு, பச்சை, நீலம்.
நோயாளிகள் மஞ்சளில் தொடங்கி நீலத்துக்கு ஏறுவார்கள்.
நான் நீலத்திலிருந்து இறங்கி வருகிறேன்.
ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால்,
இது படிக்கட்டு விதி.
எது என் நோகிற கால் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

இங்கே எல்லோரும் என்னை டன்னி என்கிறார்கள்.
அத்தை என்று பொருள், மரியாதைதான்.
என் காதில் மட்டும் அது
தண்ணி என்று விழுகிறது.
நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில்
சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து
தண்ணி, தண்ணி என்று கூப்பிடுகிறார்கள்.
நான் போகிறேன்.

ஃப்ளோரிஸ் ஸ்வார்ட்போய், ஐம்பத்தாறு வயது.
திராட்சைக் கொடிக்குக் கம்பி கட்டும்போது
ஏணியிலிருந்து விழுந்தவர்.
முதல் நாள் வலது கை அறுபது டிகிரிக்கு மேல் எழவில்லை.
விரல்களைச் சுவரில் எறும்பு போல ஏற்றச் சொன்னேன்.
வாரம் ஒரு பென்சில் கோடு.
அறுபத்தெட்டு. எண்பது.
தொண்ணூறில் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டது.
வலித்தால் கெட்ட வார்த்தை சொல்வார், உடனே மன்னிப்புக் கேட்பார்;
மன்னிப்பு எனக்கா தோளுக்கா, தெரியாது.
ஒருநாள் என் கட்டைவிரலைப் பார்த்தார்.
முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் முதுகில் அழுத்தி
அடிமூட்டு புடைத்துப்போன விரல்.
"இதற்கு யார் வைத்தியம், டன்னி?" என்றார்.
நான் வாசலைப் பார்த்து
அடுத்த ஆள் வரலாம் என்றேன், கொஞ்சம் சத்தமாக.

கடைசி வாரம், வியாழன், பத்து மணி:
அவர் வரவில்லை.
பத்தேகால். பத்தரை.
அறுவடை தொடங்கிவிட்டதே என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.
கட்டில் விரிப்பை மாற்றினேன், காலையில் மாற்றியதுதான்.
பட்டைகளை நிறவாரியாக அடுக்கினேன்.
குழாயைத் திறந்து மூடினேன்.
பிறகு, செய்ய எதுவும் இல்லாமல்,
நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.
அங்கிருந்து பார்த்தால் ஜன்னலில் ஒரு மரம் தெரிகிறது.
பன்னிரண்டு வாரமாக அங்கேதான் நின்றிருக்கும் போல.

சனிக்கிழமை ஆற்றுப்பாலத்தருகே
ஆட்களை ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது.
பின்னால் நின்றவர்களில் ஒருவர்
தொப்பியைக் கழற்றி வலது கையை உயர்த்தினார்.
நூற்று நாற்பது, என்றது கண்.
நூற்று நாற்பத்தைந்துகூட இருக்கலாம்.
எந்தத் தாளிலும் எழுதவில்லை.
உள்ளங்கையால் ஒரு தடவை ஹாரன் அடித்தேன்.

கிம்பர்லியில் பெட்ரோல் போடும்போது ஏஜென்சி கூப்பிட்டது:
கோக்ஸ்டாடில் ஆறு வாரம், உடனே வேண்டும்.
வாரத்தில் மூன்று நாள் என்றால் யோசிக்கிறேன் என்றேன்.
பூபாலனையும் கூட்டிப்போகலாம்.
அந்தப் பக்கம் மண்சாலை நிறைய,
கார் தினமும் அழுக்காகும்.