கூடம் கோணல்

மூன்றாம் முறையாக வந்தாள் ஹென்ரீக்கா.
கோபக்காரர்கள் ஸ்கேட்டை மேசைமேல் போடுவார்கள்.
இவள் வைத்தாள்.
அதுதான் எனக்கு எரிச்சல்.

"இடப்பக்கம் நன்றாகப் போகிறது, துயிரெ.
வலப்பக்கம் திரும்பினால்
கால் மட்டும்தான் என்னுடையது."

கயானி நகராட்சிப் பனித்தளத்தில்
பதினொரு குளிர்காலமாகச் சாணை பிடிக்கிறேன்.
ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்
என்று நினைத்தேன். சொல்லவில்லை.
நாடா தளர்ந்திருக்கும் என்றேன்.
பனித்தரை இளகியிருக்கும் என்றேன்.
வயதைச் சொல்ல வாயெடுத்து
காபியைக் குடித்தேன்.

அந்த இரண்டு வாரமும் ஊரே என்னைப் புகழ்ந்தது.
முன்பு தபால் கொண்டுபோன சுலெவி
இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கித் தந்தார்:
"பனியை இப்படி ஒருநாளும் கடித்ததில்லை, பெண்ணே."
பள்ளிப் பிள்ளைகள் வளைவில் சாய்ந்து
விழாமல் எழுந்தார்கள்.
கல் மாற்றியதும் கை கூடிவிட்டது
என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஸ்கேட்டின் பிளேடு கத்தியைப் போல் ஒற்றைக் கூர் அல்ல.
அடியில் நீளமாக ஒரு வாய்க்கால்,
இருபுறமும் இரண்டு கரை.
நிற்பது, திரும்புவது, தப்பிப்பது எல்லாம்
ஏதோ ஒரு கரையில்தான்.

ஹென்ரீக்கா பர்சைத் திறந்து
இரண்டு யூரோ நாணயத்தை எடுத்தாள்.
ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து
கரை மேல் கரையாகப் படுக்க வைத்தாள்.
நாணயம் சாய்ந்தது.
மயிரிழைதான்.
மற்ற ஸ்கேட்டிலும் அதே பக்கம், அதே மயிரிழை:
இடக்கரை மேடு, வலக்கரை பள்ளம்.

என் காபி ஆறிப்போயிருந்தது.

கல்லை நிறுத்தும் திருகு கால் சுற்று விலகியிருந்தது.
கல் மாற்றிய அந்தச் செவ்வாய்க்கிழமை
அப்பாவின் படகை விற்றுவிட்டதாகத் தம்பி போன் செய்தான்.
தோளில் போனை இடுக்கிக்கொண்டு
முறுக்கினேனா, முறுக்கியதாக நினைத்தேனா,
தெரியவில்லை.

பிறகுதான் உறைத்தது.
பொது நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார்கள்,
கடிகாரத்துக்கு எதிராக. சுவரில் எழுதியே இருக்கிறது.
இடக்காலுக்கு வெளிக்கரை,
வலக்காலுக்கு உட்கரை,
இரண்டுமே இடக்கரை.
என் பிழை ஊருக்கு அளவெடுத்துத் தைத்தது போல
பொருந்தியிருக்கிறது.
ஹென்ரீக்கா விடியற்காலையில் தனியாக
எட்டு போடுகிறவள்.
எட்டுக்கு இரண்டு பக்கமும் வேண்டும்.

நோட்டைப் புரட்டினேன். அறுபத்திரண்டு ஜோடி.
ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டேன்,
காசில்லை, கொண்டுவாருங்கள் என்று.
"நன்றாகத்தானே இருக்கிறது" என்றார்கள்.
நன்றாக இல்லை என்று நம்ப வைப்பதற்குள்
தொண்டை கட்டிவிட்டது.

சாணை எஃகைத் தின்னும்.
பிழையும் தின்றது, திருத்தமும் தின்றது.
"என் பிளேடில் ஒரு வருஷம் குறைந்திருக்கும்"
என்றாள் ஹென்ரீக்கா,
கணக்குச் சொல்வதுபோல.
வரும் மார்ச் வரை அவளுக்குக் கட்டணமில்லை என்று
நோட்டில் எழுதினேன்.
அவள் படித்துப் பார்த்து
மார்ச்சை அடித்து மே என்று எழுதினாள்.

சுலெவி மட்டும் ஸ்கேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.
"தொடாதே. நான் எங்கே
வலப்பக்கம் திரும்பப் போகிறேன்?"

இரவு பத்து மணி. பாதி விளக்கு.
தடுப்புப் பலகைக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன்.
பின்னோக்கி, வலமாக, பெரிய வட்டம்.
தையற்காரன் துணி கிழிக்கும் சத்தம்,
விடாமல், ஒரே சீராக.
என் தோள் இறங்குகிறது.

அவள் வந்து பலகையில் மோதி நிற்கிறாள்,
மூச்சு வெள்ளையாக.
கையுறையைக் கழற்றி
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து,
சேராமல், காட்டுகிறாள்.
"இன்னும் இத்தனை."

ஏப்ரன் பையில் கைவிட்டு
திருப்பித் தராத அவளுடைய நாணயத்தைத்
தேடுகிறேன்.