இடுப்பளவு

கொம்பனித்தெரு, ஏழாம் மாடி.
திரையில் அந்த ரோட்டு பச்சை:
எழுபத்தொரு வீதம் பூர்த்தி.
பொய்யில்லை. காபட் போட்ட துண்டில்
பெடியள் கையை விட்டுவிட்டு சைக்கிள் ஓடுகிறார்களாம்;
அதையும் எழுதியிருக்கிறா
மருத்துவமாது புவிராசினி.

மிச்சம் ஒரு மதகு.
கம்பி கட்டின கொந்திறாத்துக்காரர்
பில் பாஸாகும்வரை வரமாட்டாராம்.
"மாரியில் இடுப்பளவு தண்ணி.
பெட்டியைத் தலையில் வைத்துக் கடக்கிறேன்."

சிங்களத்தில் பெயர்த்துக் கொடுத்தேன்.
பொறியியலாளர் நல்ல மனிசன்தான். கேட்டார்:
"இடுப்பளவென்றால் எத்தனை மீற்றர்?"
படிவத்தில் எண் மட்டும்தான் ஏறும்.

யன்னலுக்கு வெளியே பேர வாவியில் மழை.
எழும்பி நின்றேன்.
மேசையில் கிடந்த அடிமட்டத்தை
நிலத்தில் ஊன்றி
என் இடுப்புவரை மூன்று தரம் வைத்தேன்.

பூச்சியம் தசம் ஒன்பது என்று தட்டினார்.

அவ என்னிலும் கட்டையோ நெட்டையோ,
கண்டதில்லை.